நீர்ப்பாசனப் பிரதேசத்திற் பாற்பண்ணை: மட்டக்களப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

நீர்ப்பாசன வசதியுள்ள பிரதேசங்களில் நெற்செய்கையே பொருளாதாரத்தின் அடித்தளம், மாடு அதற்குத் துணை மாத்திரமே என்னும் கருத்து பரவலாக உண்டு. உழைக்கும் விவசாயியின் நிலையில் நின்று நோக்குமிடத்து இக்கருத்து மீள்பரிசீலனைக்குரியது. மட்டக்களப்பு மாவட்டத்தை இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்களை நம்பிய விவசாயிக்குப் பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரு அறுவடைகளின்போதே பணம் கைக்கு வருகின்றது. இடைப்பட்ட மாதங்களில் விதைக்கும் பசளைக்கும் வீட்டுச் செலவுக்கும் அவன் கடன்படுகின்றான். விலை தாழ்ந்திருக்கும் அறுவடைக் காலத்திலேயே நெல்லை விற்று அதனை அடைக்கின்றான். பாலோ நாள்தோறும் பணமாவது. கறவை மாடுகள் இரண்டொன்று இக்கடன் பிடியைத் தளர்த்தவல்லன. போடியாரின் நிலத்திற் கூலிக்கு உழைக்கும் வயற்காரனும் மாடு வளர்க்கலாம் என்பது குறிப்பிடற்பாலது.

வயலும் மாடும் ஒன்றையொன்று தாங்குவன. வைக்கோலும் தவிடும் வரம்புப் புல்லும் தீனியாகின்றன. எரு வயலுக்குத் திரும்புகின்றது. வைக்கோலிற் புரதம் குறைவாகையால் சீமைக்கிளுவைக் குழையையும் பசும்புல்லையும் சேர்த்தல் வேண்டும். வாய்க்கால் நீர் கிடைக்குமிடத்துக் கோடையிலும் புல் வளர்க்கலாம்.

ஆயின், இந்நன்மைகள் தாமாகவே கைகூடுவன அல்ல. பயிர் நிற்கும் காலத்தில் மாட்டுப் பட்டிகளைத் தூரத்து மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டு செல்வதும், அறுவடையின் பின் வயல்களில் மேயவிடுவதும் இங்கு மரபு. நீர்ப்பாசனம் விரிவடைந்து இருபோகமும் செய்கைபண்ணப்பட, வயலில் மேயும் காலம் சுருங்கியது. மேய்ச்சற்றரையும் பயிர்நிலமாக மாறலாயிற்று. மகாவலித் திட்டப் பிரதேசத்துள் அடங்கும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் இடம்பெற்ற பயிர்ச்செய்கையை எதிர்த்துப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் போராட்டம் தொடங்கியமை இம்முரண்பாட்டின் வெளிப்பாடேயாகும்.

சந்தை மற்றொரு தடையாகும். 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின் இறக்குமதிப் பால்மா கிராமங்கள்வரை பரவியது. 2021, 2022 ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியிற் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றமை அத்தங்கியிருத்தலின் விளைவாகும். இதற்கு மாற்றுவழியை இந்தியாவின் குஜராத் மாநிலத்துக் கேடா மாவட்டத்திற் காணலாம். தனியார் கொள்வனவாளரின் ஏகபோகத்துக்கு எதிராக அங்குள்ள பால் உற்பத்தியாளர்கள் 1946 இற் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவே பின்னர் அமுல் என அறியப்பட்டது.

எனவே, நல்லின மாடுகளை வழங்குவதோடு பாற்பண்ணை அபிவிருத்தி நிறைவெய்தாது. மேய்ச்சற்றரையின் மீதான சட்ட உரிமையும் உற்பத்தியாளர் கையிலுள்ள கொள்வனவு அமைப்பும் அதன் முன்நிபந்தனைகள் என்பதே எமது முடிபாகும்.