அறுக்க அறுக்கப் பெருகும் புண்

சில மாதங்களுக்கு முன், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், அம்மாவுக்குக் கால்ல புண்ணு. ரெண்டு தடவை சதையை வெட்டி சுத்தம் பண்ணிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிசாகுது. சர்க்கரையும் இல்லைங்கறாங்க. நீங்க வந்து ஓதிப் பார்க்கணும்" என்றார்.

போனோம், ஓதினோம். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் ஓரம் கருநீல நிறத்தில் இருந்தது. போர்வை பட்டால்கூட அந்தத் தாய் துடித்தார். தறிக்கட்டையில் இடித்துக்கொண்ட இடத்தில் சின்னக் கொப்புளமாக ஆரம்பித்ததாம். பேத்தியைக்கூட அருகில் விடவில்லை, ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

நமக்குத் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாவுக்கு மூட்டிலோ குடலிலோ நாள்பட்ட நோய் இருக்கிறதா?" என்பதுதான். இருந்தது. பல வருடங்களாக முடக்குவாதம்.

பெயரே தவறான நோய்

பரிசோதனைகளுக்குப் பின் உறுதியான நோயின் பெயர் 'பயோடெர்மா கேங்கிரினோசம்'. சீழும் அழுகலும் கொண்ட தோல் நோய் என்பது அந்தப் பெயரின் பொருள். உண்மையில் இது கிருமியால் வரும் சீழ்ப்புண்ணும் அல்ல, ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவதும் அல்ல. 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தபோது கிருமிதான் காரணம் என்று கருதினார்கள். ஆனால் அவர்கள் விவரித்த ஐந்து நோயாளிகளில் நான்கு பேருக்குப் பெருங்குடலில் நாள்பட்ட புண் நோய் இருந்தது. உண்மைக் காரணத்தின் நூல்முனை அப்போதே கையில் இருந்திருக்கிறது.

நம் உடலைக் காக்க அல்லாஹ் ரத்தத்தில் வெள்ளையணுக்களை வைத்திருக்கிறான். கிருமி நுழைந்தால் எதிர்த்து நிற்பவை அவை. இந்த நோயில் அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபில்கள், கிருமி இல்லாத இடத்திலும் கூட்டமாகக் குவிந்து தோலைச் சிதைக்கின்றன. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு உடலுக்குள் வேறொரு நோயும் இருக்கிறது. குடல் அழற்சி நோய்கள், முடக்குவாதம், சில ரத்த நோய்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இது அரிய நோய். பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி, பத்து லட்சம் பேரில் வருடத்துக்குச் சுமார் ஆறு பேருக்கு வருகிறது.

கத்தி பட்டால் ஏன் பெருகுகிறது?

இந்த நோயாளிகளில் பலருக்குத் தோலில் படும் சிறு காயமே புதுப் புண்ணை உண்டாக்கும். இடித்துக்கொள்வது, ஊசி குத்துவது, அறுவை செய்வது எல்லாமே காயம்தான். சுத்தம் செய்வதாகச் சதையை வெட்டும்போது அணுக்கள் இன்னும் மூர்க்கமாகின்றன, புண் அகலமாகிறது. அதைப் பார்த்து, கிருமி பரவுகிறது என்று மறுபடி வெட்டுகிறார்கள். இப்படியே போய்க் காலையே எடுக்கும் நிலைக்கு வந்தவர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, அறுவை என்றாலே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியின் கிருமி பிடித்த புண்ணை நேரத்தில் சுத்தம் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாம் சொல்வது இதுதான்: புண் வேகமாகப் பரவுகிறது, அளவுக்கு மீறி வலிக்கிறது, ஓரம் கருநீலமாக இருக்கிறது, ஆன்டிபயாடிக்குக்கு அடங்கவில்லை, சுத்தம் செய்த பிறகு பெரிதானது என்றால், அடுத்த முறை வெட்டுவதற்கு முன் தோல் மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். நோயாளிக்கு மூட்டு நோயோ, ரத்தத்தோடு பேதியாகும் குடல் நோயோ இருந்தால் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். மருத்துவமனையில் காலைப் பார்ப்பவருக்கு விரல் மூட்டுகளின் கதை தெரியாது.

இந்த நோயை உறுதி செய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு எடுத்து, காசநோய், பூஞ்சை, புற்றுநோய் போன்றவை இல்லை என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். நம் பகுதியினருக்குத் தோல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகள் எட்டாத தூரத்தில் இல்லை. வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது, சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ஸ்டான்லியும் இருக்கின்றன.

மருந்தும் பொறுமையும்

மூர்க்கமான அணுக்களை அடக்குவதே சிகிச்சை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு அல்லது சைக்ளோஸ்போரின் தருவார்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. எந்த மருந்தை எடுத்தாலும், ஆறு மாதத்தில் புண் முழுதும் ஆறியவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவுதான். ஆகவே இரண்டு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று வைத்தியரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அதேபோல் நோய் இன்னதென்று உறுதியாகாமல் கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள். அது கிருமிப் புண்ணாக இருந்தால் அந்த மருந்தே கேடாகும்.

சிலருக்கு டாப்சோன் மாத்திரையும் எழுதுவார்கள். அது தொழுநோய்க்கும் தரப்படும் மருந்து என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். இது தொழுநோய் அல்ல, தொற்றுவதும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரக் குழந்தை மடியில் உட்காரலாம்.

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் இரண்டு விஷயங்கள். புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றால் உளூவில் கட்டின் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்யலாம். தயம்மும் பற்றிய விவரத்தை உங்கள் மத்ஹபின்படி உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமழானில் நோன்புக்காக ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்றுக்கொள்வதும் இபாதத்தே.

அந்தத் தாயின் புண் ஆற எட்டு மாதமானது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது காலில் சல்லடை போன்ற தழும்பு மட்டும் இருக்கிறது. ஓதிப் பார்க்க நம்மை அழைப்பவர்களிடம் நாம் இப்போதெல்லாம் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறோம்: "இவங்களுக்கு வேற என்ன நோய் இருக்கு?" உங்கள் வீட்டிலும் ஆறாத புண்ணோடு யாராவது இருந்தால், அந்தக் கேள்விக்கான பதிலை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்தே வருகிறது. அதைத் தேடி நடப்பது நம் கடமை.