52-இல் 27 போனால் 35: வீட்டில் ஆடும் கணக்கு விளையாட்டு எதைப் பார்க்கிறது?

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படைக் கணக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் ‘நிபுண் பாரத்’ இயக்கம் வைத்திருக்கும் கெடு 2026-27 கல்வியாண்டு. 2022 ஜூனில் தொடங்கிய தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2025-ஐ இலக்காகச் சொன்னது. கெடு நெருங்க நெருங்க, பெற்றோரின் போனுக்கு வரும் கணக்குப் பயிற்சிகளும் விளையாட்டுச் செயலிகளும் பெருகுகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், பொன்னமராவதி, மணமேல்குடிப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் குழப்பமும் சேர்ந்தே பெருகுகிறது. ‘எதை இறக்குவது, எவ்வளவு நேரம் விடுவது?’ என்பதே பெரும்பாலான கேள்வி. அவற்றுக்கு நடுவே ஒரு கேள்விக்கு மட்டும் நின்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செயலியில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் பிள்ளை, நோட்டில் ஏன் தடுமாறுகிறது?

பல விளையாட்டுகளில் கணக்குக்குக் கீழே நான்கு விடைகள் இருக்கும். தவறானதைத் தொட்டால் ஒரு ஒலி வரும்; மறுபடி தொடலாம். கணக்கே தெரியாத குழந்தை, தொட்ட விடையை மறுபடி தொடாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், ஒரு கணக்குக்குச் சராசரியாக இரண்டரை தட்டு போதும். பத்துக் கணக்குக்கு இருபத்தைந்து தட்டு. ‘நிலை முடிந்தது’ என்று திரை வாழ்த்தும். தட்டுகளை எண்ணாமல், முடித்ததை மட்டும் பதியும் செயலிக்கு இந்தக் குழந்தையும் கணக்குத் தெரிந்த குழந்தையும் ஒன்றுதான். நோட்டில் நான்கு விடைகள் அச்சிட்டு வைத்திருக்கவில்லை. அதனால்தான் அங்கே தடுமாற்றம்.

அப்படியானால் நல்ல விளையாட்டு எது?

தவறான விடையை வைத்து என்ன செய்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன.

52-இல் 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். குழந்தை 35 என்கிறது. கவனக்குறைவு என்று கடந்துவிடுகிறோம். ஆனால், அந்த 35-க்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. ஒரு குழந்தை, ‘ரெண்டுல ஏழு போகாது’ என்று கண்டதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று எழுதுகிறது; பிறகு ஐந்தில் இரண்டு போக 3. இன்னொரு குழந்தை பத்து கடன் வாங்கி, பன்னிரண்டில் ஏழு போக 5 என்று சரியாகவே எழுதுகிறது. ஆனால், கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்து, ஐந்தில் இரண்டு போக 3 என்று முடிக்கிறது. விடை இரண்டு பேருக்கும் 35. தேவைப்படும் பாடம் வேறு. முதல் குழந்தைக்குக் கடன் வாங்குவதே (பாடநூல் சொல்லும் ‘இனமாற்றம்’) விளங்கவில்லை. இரண்டாவது குழந்தை அதில் முக்கால்வாசி தூரம் வந்துவிட்டது.

இவர்களைப் பிரித்தறிய அடுத்த கணக்கைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். 83-இல் 46-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 37. முதல் குழந்தை 43 என்று சொல்லும்; இரண்டாவது குழந்தை 47 என்று சொல்லும். கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்ட குழந்தை 129 என்று சொல்லும். நன்றாக எழுதிய விளையாட்டு இந்த நான்கு எண்களைத்தான் திரையில் வைக்கும். எதைத் தொட்டாலும் அது ஒரு செய்தி. அவசரமாக எழுதியது 37-ஐ வைத்து, பக்கத்தில் 5, 90, 212 என்று வாய்க்கு வந்ததை நிரப்பும். அதில் குழந்தை சரியாகத் தொட்டாலும் நமக்கு எதுவும் தெரியாது.

இது பழைய அறிவுதான். அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கழித்தல் பிழைகள் பெரும்பாலும் தாறுமாறானவை அல்ல, தவறான ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். அதை வைத்து ‘பகி’ என்றொரு கணினி விளையாட்டு உருவானது. அதை ஆடியவர்கள் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள். கணினி ஒரு மாணவனைப் போல நடித்துத் தவறாகக் கணக்குப் போடும். எதிரே இருப்பவர் புதுப்புதுக் கணக்குகள் கொடுத்து அதன் தவறான விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்குச் சான்றாக, அடுத்த கணக்குக்கு அந்த ‘மாணவன்’ என்ன தப்பு விடை சொல்வான் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்கு விளையாட்டுகளில் இவ்வளவு கூர்மையான யோசனை குறைவு. ஆசிரியரின் கண்ணைப் பழக்கும் விளையாட்டு அது.

குழந்தைகளுக்கும் இதே தரத்தில் ஒன்று முன்பே வந்திருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி வலையமைப்பில் 1970-களில் ஷாரன் டக்டேல் உருவாக்கிய ‘டார்ட்ஸ்’. எண்கோட்டில் பலூன்கள் இருக்கும். பலூன் நிற்கும் இடத்துக்குரிய எண்ணைக் குழந்தையே தட்டச்சு செய்ய வேண்டும். தவறினால், அம்பு குழந்தை சொன்ன எண்ணின் இடத்திலேயே போய்க் குத்தி நிற்கும். எவ்வளவு தள்ளிப்போனோம் என்பது கண்ணுக்குத் தெரியும். நான்கில் ஒன்றைத் தட்டும் வேலையே இல்லை.

வீட்டிலிருந்து ஆடும்போது என்ன மாறுகிறது?

வகுப்பில் 35 என்று எழுதியது ஆசிரியரின் கண்ணில் படும். வீட்டில் அந்த 35, செயலி நடத்துவோரின் கணினியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆசிரியருக்கு வருவது, வந்தால், ‘இத்தனை பேர் முடித்தார்கள்’ என்ற பட்டியல். போனைப் பிடித்திருந்தது குழந்தையா, அவசரப்பட்ட அக்காவா என்பதும் அதில் இருக்காது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-இல்தான் திரும்பினார்கள். அந்த இடைவெளியில் கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. குழந்தையின் தப்பு விடை திரும்பிப் போக வழியில்லை. விளைவைப் பாருங்கள். ‘அசர்’ ஆய்வு கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்பது இப்படிக் கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கைத்தான். தமிழ்நாட்டில் அதைச் செய்ய முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் 25.9 சதவீதம், 2022-இல் 11.2 சதவீதம்.

‘அடைவு’ என்று அறிக்கைகள் சொல்வது எதை?

‘பதிவிறக்கம்’ என்றால் போனில் இடம் பிடித்தது. ‘பயன்பாடு’ என்றால் திறந்தது. ‘நிறைவு’ என்றால் கடைசித் திரை வந்தது. இந்த மூன்றும் எங்கே ‘அடைவு’ என்ற பெயரில் வந்தாலும் நம்பாதீர்கள். புதுக்கோட்டைக்கு இது புதிய பாடமல்ல. எழுத்தறிவு ஊட்ட வந்த அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அதன் பெருமையில் குறையில்லை. 1992-இல் ‘முழு எழுத்தறிவு மாவட்டம்’ என்று அறிவித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 77 சதவீதம். இரண்டின் அளவுகோலும் வேறு. எந்த அளவுகோல் என்று கேட்காமல் அறிவிப்பை ஏற்றால், விடுபட்டவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

கணக்கு விளையாட்டுகளால் பயனே இல்லையா?

உண்டு, நிபந்தனையோடு. வடோதராவில் பிரதம் அமைப்பு 2002 முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணினிக் கணக்கு விளையாட்டு நடத்தியது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், கூடவே பயிற்றுநர். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு ஆராய்ந்ததில் கணக்கில் நல்ல முன்னேற்றம் இருந்தது. நிறுத்திய ஓராண்டில் பெரும்பகுதி கரைந்தது. குஜராத்தில் லீ லிண்டன் செய்த இன்னொரு ஆய்வில், ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாக வைத்த கணினி படிப்பைக் கெடுத்தது. பாடத்துக்கு மேல் கூடுதலாக வைத்தது உதவியது.

2020-இல் போட்ஸ்வானாவில் செய்தது இன்னும் எளிது. வீட்டுக்குக் குறுஞ்செய்தியில் சில கணக்குகள், வாரம் ஒருமுறை பயிற்றுநரின் சுருக்கமான போன் அழைப்பு. இரண்டும் சேர்ந்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போனபோது சொல்லும்படியான பலன் தெரியவில்லை. தப்பு விடையைக் கேட்க ஒரு மனிதக் காது இருந்ததுதான் வேறுபாடு. நம் ஊரில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. அதில் நட்சத்திரப் படங்களைப் போடுவதற்குப் பதில், பிள்ளை நோட்டில் போட்ட கழித்தல் கணக்கை, அடித்தல் திருத்தலோடு படமெடுத்து ஆசிரியருக்குத் தனியாக அனுப்பலாம்.

எவ்வளவு நேரம்? வடோதராவில் பலன் தந்ததே வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான்.

ஒரே போன், இரண்டு பிள்ளைகள்? சேர்ந்தே ஆடட்டும், ஏன் இந்த விடை என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும்.

காசு கட்டும் செயலி மேலானதா? வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பாருங்கள். ஏன் தப்பு என்று காட்டாவிட்டால் காசு வீண்.

போனே இல்லை? தாயமும் பல்லாங்குழியும் போதும், பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து எண்ணச் சொன்னால்.

பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது? ‘எத்தனை நிலை முடித்தான்?’ என்பதை விட்டுவிடுங்கள்; ‘எந்தக் கணக்கை, எப்படித் தப்பாகப் போடுகிறான்?’ என்று கேளுங்கள்.