கணக்கில் தப்பு யாருடையது? கம்ப்யூட்டரா, நாமா?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் நோட்டில் எழுதிய விடையை ரப்பரால் அழித்துக் கொண்டிருந்தாள். கணக்கு இதுதான்: ஜாமெட்ரி பாக்ஸ் 50 ரூபாய், நோட்டு ஒன்று 20 ரூபாய் வீதம் 3 நோட்டுகள், மொத்தம் எவ்வளவு? அதாவது 50 + 20 × 3. அவள் எழுதியிருந்தது 110.

"கம்ப்யூட்டர் 210-னு காட்டுது மாமா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள்.

சரியாகப் போட்டது அவள்தான். பிறகு 210 எப்படி வந்தது?

விண்டோஸில் உள்ள கால்குலேட்டரின் 'ஸ்டாண்டர்ட்' முறை, கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் போலத்தான் வேலை செய்யும். பெருக்கல் குறியை அழுத்தியவுடனே அதுவரை உள்ளதை முடித்து விடும். 50 + 20 = 70. பின்பு 70 × 3 = 210. பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்ற விதியை அது பார்ப்பதில்லை.

இதற்கு வழி உண்டு. விண்டோஸ் 10, 11-ல் கால்குலேட்டரின் இடது மேல் மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அதைக் கிளிக் செய்து 'சயின்டிஃபிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே கணக்கை அடித்தால் 110 வரும். எக்ஸெலில் =50+20*3 என்று டைப் செய்தாலும் 110தான்.

எக்ஸெலை மட்டும் கண்ணை மூடிக் கொண்டு நம்பலாமா? =-3^2 என்று கொடுத்துப் பாருங்கள். 9 என்று காட்டும். கணித வழக்கப்படி விடை -9. எக்ஸெல் மைனஸ் குறியை முதலில் எடுத்துக் கொள்வதே காரணம். =-(3^2) என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகி விடும்.

அல்ஜீப்ராவுக்கும் எக்ஸெல் உதவும். 3 × எக்ஸ் + 7 = 22 என்று வைத்துக் கொள்வோம். முதலில் பேப்பரில் போடுங்கள். இரு பக்கமும் 7-ஐக் கழித்தால் 3 × எக்ஸ் = 15. இரு பக்கமும் 3-ஆல் வகுத்தால் எக்ஸ் = 5.

இனி சரிபார்ப்போம். ஏ1 செல்லில் 5 என்று கொடுங்கள். பி1 செல்லில் =3*ஏ1+7 என்று கொடுங்கள் (செல் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்). 22 வந்தால் உங்கள் விடை சரி. வேறு எண் வந்தால் ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பாருங்கள். 'கோல் சீக்' என்ற வசதி விடையைத் தானே கண்டுபிடித்துத் தரும். ஆனால் எந்தப் படியில் தவறினோம் என்பதை அது சொல்லாது.

அக்கா மகளுக்கு இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அழித்த இடத்தில் 110 என்று மறுபடியும் எழுதினாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விடையை அழிக்கும் முன், கால்குலேட்டர் எந்த முறையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து விடுங்கள்.