முன்பாரமா, பின்பாரமா?

கோட்டாற்றுக் கம்போளத்துக்கு நெல்லும் தேங்காயும் ஏற்றி வந்த மாட்டு வண்டிகளைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி மூட்டையை ஏற்றியதும் வண்டிக்காரர் உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்திருந்தால் ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். பின்பாரம் மிகுந்திருந்தால் முன்னுக்கு இழுப்பார். முன்பாரம் நுகத்தை மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்பாரமோ நுகத்தை மேலே தூக்கிப் பூட்டாங்கயிற்றால் தொண்டையை இறுக்கும். பௌதிகப் புத்தகம் படிக்காமலே அவர் திருப்புத்திறனை அளந்து கொண்டிருந்தார்!

இந்தக் கணக்கு இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. சினிமா படப்பிடிப்பில் நிற்கும் 'கேரவன்' பெரும்பாலும் வேன் அல்லது பேருந்தின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. அதற்குச் சொந்த எஞ்சின் உண்டு. நாம் இங்கே பேசப்போவது கார் கொக்கியில் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டைப் பற்றி. இதுவும் வண்டிக் குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கப்பற்படை மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் தமக்கென்று சொல்லிக் கட்டுவித்த 'வாண்டரர்' என்னும் உல்லாச வண்டியை இழுத்தவை இரண்டு குதிரைகள். அதன் எடை ஏறக்குறைய 2 டன். பாவம், குதிரைகள்!

ஒரு பட்டறையில் அப்படியொரு வீட்டுக்கு நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டில் எங்கே, ஜன்னல் எத்தனை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் காகிதமும் பென்சிலும் எடுங்கள்.

வண்டியின் எடை 1000 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால். அப்படியானால் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் 1000 × 0.25 ÷ 4, அதாவது 62.5 கிலோ. இது மொத்த எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகம். நல்ல அளவுதான்; 5 முதல் 7 சதவீதம் வரை இருக்கட்டும் என்பது பிரிட்டனில் சொல்லப்படும் வழக்கம்.

இப்போது 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ அல்லவா? கொக்கிப் பாரத்தில் 100 × 1.5 ÷ 4 = 37.5 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 25. இன்னும் பின்னால், அச்சிலிருந்து 2 மீட்டரில், 60 கிலோ சாமான் அடுக்கினால் மேலும் 30 கிலோ போய்விடும். கணக்கு மைனஸில் இறங்குகிறது! வண்டி காரின் பின்புறத்தைத் தூக்கப் பார்க்கிறது. வண்டிக்காரர் சொன்ன அதே பின்பாரம்.

மாட்டு வண்டி மெதுவாகப் போனது. துன்பம் மாட்டோடு நின்றது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரின் பின்னால் பின்பாரம் மிகுந்த வண்டி பாம்பின் வாலைப் போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

அதே தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தரையை ஒட்டி வைத்தால்? தூரம் சுழி, நிறைந்தாலும் காலியானாலும் கொக்கிப் பாரம் மாறாது. பின்னால் ஒரு கனம் வைத்து, முன்னால் இன்னொரு கனத்தால் சமன் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். தராசு சமன்படும், ஆட்டம் அடங்காது. காவடித் தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கும்போது சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்புவதும் கடினம், திரும்பியபின் நிறுத்துவதும் கடினம். கனமானவற்றை நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை அறிவீர்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள வண்டிச் சுவரில், வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே மோதினால் தள்ளும் விசை 130 கிலோ எடைக்கு மேல். ஜன்னல் அழகுக்காகக் கூரையை இன்னும் ஓர் அடி உயர்த்தச் சொல்பவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

காரின் வலிமையையும் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி, காரின் சொந்த எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்பார்கள். பட்டறைக்காரர் சொல்லும் எடை காலி வண்டியின் எடைதான். கேஸ் சிலிண்டர் ஒன்றே ஏறக்குறைய 30 கிலோ. அதில் பாதிதான் எரிவாயு! எல்லாம் ஏற்றியபின் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: 30 சென்டிமீட்டர் அளவுகோலின் 16ஆம் கோட்டுக்கு அடியில் ஒரு பென்சிலைக் குறுக்காக வையுங்கள். பென்சில்தான் அச்சு, மேசையைத் தொடும் சுழி முனை கொக்கி. ஒரு ரூபாய் நாணயத்தைப் பென்சிலுக்கு மேலிருந்து மெல்லப் பின்னுக்கு, 30ஐ நோக்கி நகர்த்துங்கள். சுழி முனை எந்தக் கோட்டில் எழும்புகிறது? 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். தராசு இல்லாமலே உங்கள் அளவுகோலின் எடையைச் சொல்லுங்கள் பார்க்கலாம்!