உளப்பிரிகையும் உடல்நோயும்

இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புறை நோக்கிச் செல்லும் மலைப்பாதை ரிவர்ஸ்டன் கணவாயைக் கடக்கின்றது. அங்கு வீசும் கடுங்காற்றினால் மரங்கள் ஓங்கி வளரமாட்டாது குறுகி நிற்கின்றன. காற்றைக் கண்ணாற் கண்டார் இலர். எனினும் அதனைப் பொய்யென்பாரும் இலர். உள்ளத்தை உலைக்கும் துயரைப் பற்றி உலகம் இவ்வாறு எண்ணுவதில்லை.

கைகால் செயலிழத்தல், வலிப்பு, பேச்சறுதல் முதலியவற்றோடு நரம்பியல் மருத்துவரை நாடுவோருட் சிலருக்கு, அக்குறிகளை விளக்கத்தக்க சிதைவு மூளையிற் காணப்படுவதில்லை. நினைவும் உணர்வும் அசைவும் தம்முள் இசைந்தியங்காது பிரிந்து நிற்றலே இந்நோயின் இயல்பு. இதனை உளப்பிரிகை என்பர். பிரெஞ்சு அறிஞர் பியர் ஜானே 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரித்துரைத்தார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்பும் இப்பெயரையே வழங்குகின்றது.

இது நடிப்பன்று. அமெரிக்க மருத்துவர் ஹூவர் 1908இல் விளக்கிய சோதனையொன்று இதற்குச் சான்றாகும். செயலற்ற காலைக் கீழே அழுத்துமாறு பணித்தால் நோயாளியால் இயலாது. மற்றைக் காலைத் தடைக்கெதிராக உயர்த்துமாறு பணித்தாலோ, செயலற்ற கால் தானாகவே கீழே அழுத்தும். வலிமை உளது, விருப்பத்துக்கு அது வசப்படவில்லை.

வலிப்பு நேரும்பொழுது மூளை மின்னலைகளைப் பதிவு செய்தல் மற்றொரு வழியாகும். உளப்பிரிகை வலிப்பில் காக்கைவலிப்புக்குரிய மின்கிளர்ச்சி தோன்றாது. இதனை அறியாது பல்லாண்டு வலிப்பு மருந்து உண்பவர்க்கு மருந்தின் தீமையே எஞ்சும். ஆயினும் இருவகை வலிப்பும் ஒருவரிடத்தே கூடியிருத்தலும் உண்டு. ஆதலின் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்தலாகாது.

இந்நோயாளரிடையே மனச்சோர்வும், பதகளிப்பும், பேரிடர் விட்டுச்சென்ற மனவடுவும் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஈழப்போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்ட பேராசிரியர் தயா சோமசுந்தரம், வட இலங்கையில் உருக்கொள்ளும் நிலைகளையும் தம் துணைவருடன் ஆராய்ந்துள்ளார். கோயிலில் உருக்கொள்வோர் அனைவரும் நோயாளர் அல்லர். சமய வழக்குக்குப் புறம்பாக, விரும்பாமலே நிகழ்ந்து வாழ்வைக் குலைக்கும் நிலையே மருத்துவத்துக்குரியது.

பிரித்தானியாவில் வலிப்புற்ற 368 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. உரையாடல்வழி உளச்சிகிச்சை, வழமையான மருத்துவத்தினும் மிகுதியாக வலிப்பின் தொகையைக் குறைத்ததென நிறுவப்படவில்லை. ஆயினும் நோயாளரின் துயர் தணிந்து, அன்றாட வாழ்வு சீருற்றது.

எனவே, நரம்பியலாரும் உளமருத்துவரும் இணைந்தே இந்நோயைப் பேணல் வேண்டும். நாட்கூலியால் வாழும் மலைத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் கை ஓய்ந்துவிட்டால், அவர் இல்லத்தில் அடுப்பும் ஓயும். அவரை நோக்கி ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்பது மருத்துவமாகாது. நோயின் பெயரைக் கூறி, அது மாறத்தக்கதென விளக்குதலே சிகிச்சையின் முதற்படி.