மரப்பாச்சியும் அதன் போலியும்

திருப்பதி மலையடிவாரக் கடைகளில், தெய்வப் படங்களுக்கும் குங்குமச் சிமிழ்களுக்கும் நடுவே, ஆணும் பெண்ணுமாய் இணைந்து நிற்கும் மரப்பாச்சிகளை யாத்திரிகர் பலர் விரும்பி வாங்குவர். நவராத்திரிக் கொலுவில் முதற்படியேறும் சிறப்பு இவற்றிற்கு உண்டு. கொலு கலைந்தபின் இவை குழந்தையின் கைக்கும், உடனே வாய்க்கும் போய்ச் சேரும்.

மரபுப்படி இவை செம்மரத்தின் வைரத்தில் செதுக்கப்படுவன. 'டெரோகார்ப்பஸ் சான்டலினஸ்' எனத் தாவர நூலார் வழங்கும் இம்மரம், சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களை ஒட்டிய வறண்ட குன்றுகளிலேயே பெரிதும் இயற்கையாக வளர்கிறது. 1995 முதல் அதன் சர்வதேச வாணிபம் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. கிடைத்தற்கரிய மரமாதலின், மலிவான வெண்மரத்தில் பொம்மை செய்து செஞ்சாயம் பூசி விற்கும் வழக்கமும் தோன்றிற்று. வேற்று மரம் என்று சொல்லி விற்பின் அதில் குற்றமில்லை. செம்மரம் என்று சொல்லி விற்பதே போலி.

இவற்றை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? செம்மர வைரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 ஆகும், எனவே அது நீரில் அமிழும். சாயமிட்ட மென்மரம் மிதக்கும். ஆயினும் நீரில் அமிழும் வேறு மரங்களும் உளவாதலின், இச்சோதனை ஒன்றே போதாது. செம்மரத்தின் நிறப்பொருளாகிய சான்டலின், குளிர்ந்த நீரில் அநேகமாகக் கரையாது. சாராயத்தில் எளிதில் கரையும். ஆகவே ஈரத்துணியால் தேய்த்த மாத்திரத்தில் சிவப்பு ஒட்டினால் அது பூச்சுச் சாயமே எனலாம். எண்ணெய் வர்ணம் பூசிய பொம்மையோ நீருக்கு அசையாது. அப்போது அடிப்பாகத்தைக் கத்தியால் சிறிது சுரண்ட வேண்டும். உள்ளே வெளுத்திருந்தால் ஐயம் வலுப்படும். (செம்மரத்தின் வெளிக்கட்டையும் வெளுப்பே என்பதை மறத்தலாகாது.) சுரண்டிய தூளைச் சிறிது ஸ்பிரிட்டில் இட்டால், உண்மையான வைரம் திரவத்தைச் செந்நிறமாக்கும். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். அருகில் நெருப்பு மட்டும் கூடாது.

இது வெறும் விலை பற்றிய வினாவன்று. சில இல்லங்களில் மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்கு மருந்தாகப் புகட்டுவர். பொம்மை போலியாயின் குழந்தையின் வயிற்றில் சேர்வது துணிச்சாயமோ, வர்ணமோ ஆகும். வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பின், அது சிறுகச் சிறுக உடலில் தங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பழைய பொம்மைகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன.

2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்பவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. ஆதலின் முத்திரையில்லாத மரப்பாச்சி யாவும் போலி என்று கொள்ளலாகாது. புகழ்பெற்ற அயல்நாட்டுப் பொம்மைகளைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் உருவங்கட்கோ அவ்விலக்கு இல்லை.