எய்தவன் மட்டுமா குற்றவாளி?

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்கிறது நம் பழமொழி. யுத்தத்தில் இது செல்லுமா? “மேலதிகாரி சுடச் சொன்னார், சுட்டேன்” என்று ஒரு சிப்பாய் சொன்னால், அவனை விட்டுவிட வேண்டியதுதானே? தீர்ப்புச் சொல்லுமுன் இந்த வழக்கைக் கேளுங்கள், வாசகர்களே!

1944 மார்ச் 13. அட்லாண்டிக் சமுத்திரத்தில் ‘பீலியஸ்’ என்ற கிரேக்கக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தாக்கி மூழ்கடித்தது. அதுவரை நடந்தது யுத்தம். பிறகு நடந்தது என்ன? மிதவைகளைப் பற்றிக்கொண்டு உயிருக்குப் போராடிய மாலுமிகள்மீது இயந்திரத் துப்பாக்கி முழங்கிற்று. கையெறி குண்டுகள் விழுந்தன. வாரக்கணக்கில் கடலில் தத்தளித்த மூவரை மட்டும் ஒரு போர்த்துகீசியக் கப்பல் மீட்டது.

1945 அக்டோபரில் ஹாம்பர்க் நகரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கூடியது. கூண்டில் ஐவர்.

“மிதவைகளைக் கண்டால் எதிரி விமானங்கள் எங்களைத் தேடி வரும். தடயத்தை அழித்தால்தான் எங்களுக்குத் தப்ப வழி” என்பது தளபதி எக்கின் வாதம். ஆனால் அவர் அந்த இடத்தையே ஐந்து மணி நேரம் சுற்றி வந்திருக்கிறார்! தப்ப நினைப்பவன் ஓடி அல்லவா போயிருப்பான்?

மற்ற நால்வரும் சொன்னது ஒன்றே: “உத்தரவு!” அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கப்பலின் டாக்டர்! காயத்துக்குக் கட்டுப் போட வேண்டிய கை, துப்பாக்கியைப் பிடித்தது.

இன்னொருவர் என்ஜினீயர் லென்ஸ். “இதில் எனக்குச் சம்மதமில்லை” என்று முதலில் தளபதியிடமே சொன்னவர். ஆனால் பிறகு, சுடப்போன ஒரு மாலுமியிடமிருந்து துப்பாக்கியை வாங்கித் தாமே சுட்டார்.

சர்வதேசச் சட்டப் புத்தகங்களை எந்த மாலுமியும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறுவதில்லை என்பதை நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் ஒப்புக்கொண்டார். ஆனால் நிராதரவானவர்களைக் கொல்வது தவறு என்று அறியப் புத்தகம் எதற்கு?

தளபதி, ஒரு லெப்டினண்ட், டாக்டர் ஆகிய மூவரும் நவம்பர் 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாலுமிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. லென்ஸுக்கு ஆயுள் தண்டனை.

ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998-ல் ரோமில் வகுத்த சட்டமும் இதையே சொல்கிறது: அப்பட்டமான அநியாய உத்தரவு யாருக்கும் கேடயமாகாது.

அம்புக்கு வாய் கிடையாது. லென்ஸுக்கு இருந்தது, அது நியாயத்தையும் பேசிற்று. வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை, அவ்வளவுதான்!